சீவிவிட்ட வெளிச்சம்

பர்மாவில், மௌல்மீன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் தோல் பிரிவுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. முன்பு படுக்கைத் துணிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பிறகு ஜன்னலை மூடி, சுவரெல்லாம் கறுப்பு அடித்து, நடுவில் ஒரு முக்காலியும் இரண்டு பக்கம் இரண்டு விளக்கும் வைத்து மா சான் யீயிடம் ஒப்படைத்தார்கள். வருகிறவர்களின் தோலைப் படமெடுப்பது அவள் வேலை. படை, சொறி, வெந்த புண், ஆறிய தழும்பு எல்லாம் அந்த முக்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும்.

அதற்கு முன்னால் அவள் ஆற்றங்கரைச் சாலையில் ஒரு ஸ்டூடியோவில் இருந்தாள். கல்யாணப் பெண்களின் கன்னத்தைக் கணினியில் வழவழப்பாக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பரு, அம்மை வடு, தூக்கமில்லாத கண்ணின் கீழ்க் கருப்பு, எதுவும் அவள் கையில் தப்பிக்காது. கைப்பேசிகள் வந்தன. ஊரில் எல்லாரும் தங்கள் கன்னத்தைத் தாங்களே வழவழப்பாக்கிக்கொண்டார்கள். ஸ்டூடியோ இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை வந்தது. வேலை போய் வீட்டில் இருந்தவளைத் தேடி வந்தவர் தோல் பிரிவு டாக்டர் தீரி. அவருடைய கல்யாணப் படத்தையும் இவள்தான் சரிசெய்திருந்தாள்.

"என் கன்னத்துல இருந்த மச்சத்தையே காணாமப் பண்ணினவங்க நீங்க. எங்க அம்மாவே படத்தப் பாத்து இது யாருன்னு கேட்டாங்க," என்றார் டாக்டர். "ஆஸ்பத்திரியில அதுக்கு நேர் எதிரான வேலை. எதையும் மறைக்கக் கூடாது. வருவீங்களா?"

வந்தாள். வந்த முதல் நாளே டாக்டர் விளக்குகளின் முன்னால் சாம்பல் நிறத் தகடு ஒன்றைப் பொருத்தினார். கேமராவின் கண்ணிலும் அதேபோல ஒன்று, ஆனால் சுற்றக்கூடியது. தளவிளைவு என்று படிப்பில் ஒரு பெயர் சொன்னார். சான் யீ முழித்ததைப் பார்த்துவிட்டு, கலைந்த கூந்தலை அவிழ்த்து முடிந்துகொண்டே வேறு விதமாகச் சொன்னார்.

"இந்தத் தகடு ஒரு சீப்புன்னு வெச்சுக்கங்க. விளக்குல இருந்து வர்ற வெளிச்சம் தலைவிரிகோலமா வருது. தகடு அத ஒரே வாக்குல சீவி விடுது. அது தோல் மேல பட்டுத் திரும்பி வந்தா, சீவின வாக்கு கலையாம அப்படியே வரும். தோல் கரடுமுரடா இருந்தா நாலா பக்கமும் சிதறும். சிதறினாலும் ஒரு தடவ மட்டும் பட்டுத் தெறிச்சது அவ்வளவா கலையாது. ஆனா கொஞ்சம் வெளிச்சம் தோலுக்குள்ள போயிடும். உள்ள சதை, ரத்தம்னு அலைஞ்சு திரிஞ்சுட்டு வெளிய வரும்போது, தூங்கி எந்திரிச்ச பொண்ணு மாதிரி, சீவினதெல்லாம் கலைஞ்சு போயிருக்கும்."

"சரி, அதனால?"

"கேமராவுல இருக்கிற தகட்ட இப்படி வெச்சா, மேல பட்டு வந்த பளபளப்பு முழுசும் தெரியும். குறுக்கால திருப்பினா, சீவின வெளிச்சம் உள்ள நுழைய முடியாது. கலைஞ்சு வந்தது மட்டும்தான் நுழையும். அதாவது, உள்ள போயிட்டு வந்தது மட்டும்."

சான் யீ தன் கையை விளக்கடியில் நீட்டித் தகட்டைக் குறுக்காகத் திருப்பினாள். கையிலிருந்த மினுக்கு மெல்ல அணைந்தது. சுருக்கம் போயிற்று, வேர்வை போயிற்று. கேமராவுக்குள் தெரிந்த கை ஆழமான தண்ணீருக்குள் கிடப்பதுபோல இருந்தது. நீல நரம்பும், விரல் நுனிகளில் ரோஜா நிறமும். அது தன் கைதானா என்று விரலை அசைத்துப் பார்த்தாள். அசைந்தது.

மூலை உடைந்த தகடு ஒன்று வேண்டாமென்று கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு வெகு நாள் அவளுக்கு ஊர் வேறாகவே இருந்தது. மழை விட்டதும் வேலையிலிருந்து வருகிற வழியெல்லாம் ஒரு கண்ணில் தகட்டை வைத்துத் திருப்பிக்கொண்டே நடப்பாள். நனைந்த மாவிலைகளின் வெள்ளைப் பளபளப்பு உதிர்ந்து அடியிலிருந்து பச்சை ஊறி வரும். ஈரத் தார்ச்சாலை கறுத்து, மண் வாசனை வரும்போல இருக்கும். மலைமேல் பகோடாக் கோயில் கோபுரத்தின் தங்கம் மட்டும் தகட்டுக்கு மசியாது. எப்படித் திருப்பினாலும் அது அப்படியே எரியும். தான்ல்வின் ஆறு காற்றில்லாத நேரத்தில் ஒரே திருப்பலில் திரையை விலக்கி அடியில் கிடக்கும் படகுக் கயிற்றைக் காட்டும். காற்று எழுந்துவிட்டால் ஒவ்வொரு சிற்றலையும் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு, இங்கே அணைந்து அங்கே மின்னி, தகட்டை ஏய்க்கும். அவள் படித்துறையில் நின்று அணைகிற அலைகளையும் அணையாத அலைகளையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். படகு வரும், போகும்.

சந்தையில் லஃபெட் என்கிற ஊறவைத்த தேயிலை விற்கும் அவள் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுத் திரியிறியே, மோகோக் ரத்தின வியாபாரின்னு நினைப்பா? ரத்தின வியாபாரியையாவது எவனாவது கட்டிப்பான்," என்றாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே.

கோ லா பே அந்த மழைக்காலத்தில்தான் வந்தான். படித்துறைக்கு அந்தப் பக்கம் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கொட்டகை அவனுடையது. பெட்ரோல் ஆவி பற்றி வலது கன்னம், காது, கழுத்து எல்லாம் வெந்து, ஆறி, தழும்பு தடித்துக்கொண்டு வந்தது. டாக்டர் தீரி மருந்தும் அழுத்துப் பட்டையும் கொடுத்து, மாதம் ஒருமுறை படமெடுக்கச் சொல்லியிருந்தார்.

"கண்ண மூடிக்கங்க. விளக்கு கூசும்," என்றாள் சான் யீ.

"மூடினா தூங்கிடுவேங்க. குறட்டை படத்துல விழுமா?"

"விழாது. வாயத் தொறந்துட்டுத் தூங்கினா பல்லு விழும்."

அவன் சிரித்தான். சிரிப்பு இடது பக்கம்தான் முழுசாக ஏறியது. நோயாளிகளுக்குப் படத்தைக் காட்டும் வழக்கமில்லை. அவன் கேட்டான் என்று காட்டினாள். முதலாவது, பளபளப்போடு எடுத்தது. தழும்பின் ஒவ்வொரு மேடும் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டு நின்றது.

"ஏங்க, இது என் மூஞ்சியா, ரோடு போடக் கொட்டி வெச்ச ஜல்லியா?"

இரண்டாவது, தகட்டைக் குறுக்கே திருப்பி எடுத்ததைக் காட்டினாள். மேடு பள்ளம் காணோம். கன்னம் முழுக்க ஒரு சிவப்பு, விடியற்கால மேகம் மாதிரி, ஓரங்களில் கரைந்துகொண்டு. அவன் திரைக்குக் கிட்டே குனிந்தான்.

"இது யாரு?"

"நீங்கதான்."

"இல்ல. இது எங்கப்பா. அவர் போறப்ப இந்த வயசுதான்," என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனான். செருப்பை மறந்துவிட்டு, திரும்பி வந்து போட்டுக்கொண்டு போனான்.

மாதங்கள் போயின. சிவப்பு வெளிறியது. டாக்டருக்கு அது தழும்பு ஆறுகிற கணக்கு. சான் யீக்கு அப்படி இருக்கவில்லை. அவன் வருகிற நாளில் காலையிலிருந்தே தகடுகளைத் துடைப்பாள். அவன் போன பிறகு இரண்டாவது படத்தைத் திரையில் விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பாள். தன்னை யாராவது கேட்டிருந்தால், நல்ல படம், வேலை சுத்தமாக வந்திருக்கிறது, அதனால் பார்க்கிறேன் என்று சொல்லியிருப்பாள். அதை அவள் நம்பவும் செய்தாள்.

ஒருநாள் அவன் முக்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இடுப்பில் லோங்கி முடிச்சைத் திருகிக்கொண்டிருந்தான்.

"எங்கக்கா மா மியா ஒரு எடத்துல பொண்ணு பேசுறா. முடோன்ல. பேரு மா கேதி, பள்ளிக்கூடத்துச் சீருடை தைக்குது. அவங்க போட்டோ கேட்டிருக்காங்க."

"ஸ்டூடியோவுல எடுத்துக்கலாமே."

"ஸ்டூடியோவுல ஜல்லிதான் விழும். நீங்க எடுக்கிற அந்த ரெண்டாவது... அதுவும் நான்தானே? நீங்கதானே சொன்னீங்க?"

ஆமாம் என்றாள் சான் யீ. விளக்கைப் போட்டாள். தகட்டைக் குறுக்கே திருப்பி, பளபளப்பின் கடைசிப் பொட்டும் அணைகிற இடத்தில் நிறுத்தினாள். அவன் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். ஏதாவது பேசுங்கள் என்றாள். அவனுக்குத் தெரிந்த பேச்சு எஞ்சின்தான். ஒரு முழு மழைக்காலம் சேற்றில் புதைந்து கிடந்த எஞ்சின் ஒன்றை எடுத்து, கழுவி, ஒவ்வோர் உறுப்பாகத் துடைத்து மாட்டி, கயிற்றை இழுத்தால் அது இருமி இருமி ஒரு குட்டி நண்டைத் துப்பிவிட்டு ஓட ஆரம்பித்த கதை. சொல்லச் சொல்ல முகம் இளகியது. நண்டு வந்த இடத்தில் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அப்போது எடுத்தாள். கறுப்பு வெள்ளையாக அச்சிட்டாள். மிச்சமிருந்த சிவப்பும் போய்விட்டது.

படத்தைப் பார்த்ததும் முடோனில் சரி என்றுவிட்டார்கள். வரச் சொன்னார்கள். அங்கே நடந்ததை மா மியாவே ஆஸ்பத்திரிக்கு வந்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சுவிடாமல் சொன்னாள்.

"உச்சி வெயிலு. முத்தத்துல நாக்காலி போட்டுட்டாங்க. அந்தப் பொண்ணோட அத்தை போட்டோவ கையில வெச்சுக்கிட்டு என் தம்பிய ஒரு தடவ, போட்டோவ ஒரு தடவ பாக்குறா, எல்லைச் சாவடி போலீஸ்காரன் மாதிரி. ஒருத்தரும் பேசல. இவன் சும்மா இருக்கக் கூடாதா? 'படத்துல இருக்கிறவரு வெளிய போயிருக்காருங்க, நான் அவரோட அண்ணன்'னான். ஒருத்தரும் சிரிக்கல. டீயக் குடிச்சோம், வந்தோம். வழியெல்லாம் வாயே தொறக்கல அவன்." அவள் சான் யீயை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க நல்லதுக்குத்தான் பண்ணினீங்க. தெரியும். இருந்தாலும் கேக்குறேன், எதுக்கு அவ்வளவு அழகா எடுத்தீங்க?"

சான் யீ உள்ளே போய் விளக்குகளை அணைத்தாள்.

அந்த மாதம் கோ லா பே படமெடுக்க வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. டாக்டர் தீரி கேட்டபோது, ஆற்றில் வேலை அதிகமாக இருக்கும் என்றாள். தகட்டை எடுத்துக்கொண்டு நடப்பதை விட்டுவிட்டாள். பளபளப்பை அணைத்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் காட்டினால் அது உண்மைதானே என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். உண்மைதான். ஆனால் அந்த மனிதன் வெயிலில் அல்லவா உட்கார வேண்டியிருந்தது.

தூறலான ஒரு முற்பகலில், கறுப்பு அறையின் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். இரண்டு கன்னத்திலும் இலை வடிவில் பூசிய தனக்கா மரப்பட்டைச் சாந்து. கையில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் அந்தப் படம்.

"நான் மா கேதி. முடோன்ல இருந்து வர்றேன். இத எடுத்தது நீங்கதானே, அக்கா?"

சான் யீ முக்காலியை இழுத்துப் போட்டாள். "நாந்தான். உக்காருங்க. நீங்க கோவமா இருப்பீங்க, நியாயம்தான்..."

"கோவமெல்லாம் அத்தைக்குத்தான். எனக்கு இது எப்படி எடுத்ததுன்னு தெரியணும். துணியா இருந்தா பிரிச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சிருப்பேன். இத எங்க பிரிக்கிறது?"

அவள் முகத்தில் சண்டை இல்லை. சான் யீ விளக்குகளைப் போட்டுக் காட்டினாள். சீப்பு, கலைந்து வருகிற வெளிச்சம், எல்லாம் சொன்னாள். மா கேதி தானே தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னையும் அதே மாதிரி எடுங்க. அவர எடுத்த மாதிரியே."

"தனக்காவக் கழுவிட்டு வரணும். அது மாவு. வெளிச்சம் அதுக்குள்ள போயி மாவு மாவா மோதிக் கலைஞ்சு வந்துடும். தகட்ட எப்படித் திருப்பினாலும் வெள்ளையாத்தான் தெரியும்."

மா கேதி வெளியே குழாயடியில் கழுவிவிட்டு, பாவாடை நுனியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கழுவின முகம் கூழாங்கல்போலச் சுத்தமாக இருந்தது. குறுக்கே திருப்பி எடுத்ததும், கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளும் பழுப்புத் திட்டுகளும் கன்னமெங்கும் மிதந்து வந்தன.

"ஐய, எனக்கு இவ்வளவு கறையா இருக்கு?"

"எல்லாருக்கும் இருக்கும். தோல் குடிச்ச வெயிலு. மேல வர நாளாகும், சில பேருக்கு வராமயே போயிடும்."

கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுக் கொடுத்தாள். மா கேதி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மேஜைமேல் வைத்தாள். தையல்காரி துணியைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அதே வெளக்கு. அதே தகடு. அதே முக்காலி. நான் மட்டும் அடையாள அட்டைக்கு உக்காந்த மாதிரி இருக்கேன். இவரு ஏன் இப்படி இருக்காரு?"

"அவரு பேசிக்கிட்டு இருந்தாரு. முகம் இளகட்டும்னு காத்திருந்து எடுத்தேன்."

"எவ்வளவு நேரம்?"

சான் யீ யோசித்தாள். "தெரியல."

"தெரியலையா?" மா கேதி மெல்லச் சிரித்தாள். "அக்கா, ஒரு சட்டையத் திருப்பி உள்பக்கத் தையலப் பாத்தா, அது கடைக்குத் தைச்சதா வீட்டு மனுஷனுக்குத் தைச்சதான்னு எனக்குத் தெரியும். இது வீட்டு மனுஷனுக்குத் தைச்ச தையலு."

"அப்படியெல்லாம் இல்ல," என்றாள் சான் யீ. ஏற்கெனவே சுத்தமாக இருந்த தகட்டை எடுத்துத் துடைத்தாள்.

"எனக்கு அவரு முகம் ஒரு குறை இல்ல. முதல்ல திக்குனு இருந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு. அந்த 'அண்ணன்' பேச்சுக்கு எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. அத்தை பக்கத்துல இருந்தாங்களே, அடக்கிக்கிட்டேன். ஆனா இந்தப் படத்த வீட்டுச் சுவத்துல மாட்டிட்டு, இத இவ்வளவு பொறுமையாப் பாத்துப் பாத்து எடுத்தது யாருன்னு தெரிஞ்சும் கீழ உக்காந்து சோறு திங்க என்னால முடியாது." அவள் தன் படத்தை மட்டும் உறைக்குள் போட்டுக்கொண்டாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். மழை விட்டுருச்சு, நான் பஸ்ஸப் பிடிக்கிறேன்."

அவள் போன பிறகு சான் யீ கோ லா பேயின் படங்களையெல்லாம் வரிசையாகத் திரையில் ஓட விட்டாள். சிவப்பு மேகம் மெல்ல மெல்லக் கலைந்து, அடியில் ஒரு முகம் கரையேறி வந்துகொண்டிருந்தது. அத்தனை மாதமும் தான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வெளியே யாரோ கதவைத் தட்டி, அடுத்த நோயாளி என்றார்கள். அவள் திரையை அணைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் மதிய உணவு நேரத்தில் படித்துறைக்கு நடந்தாள். வெயில் வந்திருந்தது. கோ லா பே கொட்டகைக்கு வெளியே எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"வீடு தேடி வந்து பாக்குற அளவுக்கு நான் முக்கியமான நோயாளியா?" என்றான் தலை நிமிராமல்.

"மாசப் படம் விட்டுப்போச்சு."

"போகட்டும். படத்துல இருக்கிறவனும் நானும் பேசிக்கிறதில்ல."

அவள் அங்கே கிடந்த மரக்கட்டைமேல் உட்கார்ந்தாள். "அது பொய்ப் படம் இல்ல. ஆனா அத மட்டும் குடுத்தனுப்பினது தப்பு. ரெண்டையும் குடுத்திருக்கணும். எனக்குக் குடுக்க மனசு வரல."

"கேட்டவன் நான்தானே. உங்க மேல எதுக்குப் போடுறது?" அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். "முடோன்ல வேணாம்னு சொல்லிட்டாங்க. நேத்து சாயங்காலம் அந்தப் பொண்ணு அக்காவுக்குப் போன் பண்ணிச்சு. காரணத்த ஆஸ்பத்திரியில கேட்டுக்கச் சொல்லுச்சாம். ராத்திரி பூரா யோசிச்சுட்டேன். என்ன காரணம்?"

 ஆற்றில் கடல் ஏற்றத்தால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கட்டியிருந்த படகுகள் ஒன்றையொன்று இடித்து முனகின. அவள் அவனைப் பார்த்தாள். விளக்கும் தகடும் இல்லாமல், திறந்த வெளியில், இவ்வளவு கிட்டத்தில் இதற்கு முன்னால் அவனைப் பார்த்ததே இல்லை. மேட்டிலும் பள்ளத்திலும் வெயில் சிதறிக் கிடந்தது.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?"

"நெத்தியில கிரீஸ். மீசை ஒரு பக்கம் ஏத்தமா வெட்டியிருக்கு. காது மேல ஈ."

அவன் ஈயை ஓட்டினான். "சரி, காரணம்?"

"மா கேதி வந்து, அந்தப் படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியலன்னு சொன்னேன். அதான் காரணம்."

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. கையிலிருந்த துணியால் ஒரு விரலை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"அன்னிக்கு அந்த நண்டுக் கதைய நான் ரெண்டு தடவ சொன்னேன்," என்றான் கடைசியில். "ரெண்டாவது தடவ சொல்றப்ப நீங்க கேக்கவே இல்ல. பாத்துக்கிட்டு மட்டும்தான் இருந்தீங்க. தெரிஞ்சுதான் சொன்னேன். நிறுத்தினா நீங்க படத்த எடுத்துட்டு எந்திரிச்சுப் போகச் சொல்லிடுவீங்களோன்னு."

அவள் அன்று மதியம் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகத்தான் திரும்பினாள்.

பிக்குகளின் மழைக்கால விரதமான வாசக் காலம் நடந்துகொண்டிருந்ததால் கல்யாணத்துக்கு நாள் வைக்க முடியாது. தடின்ஜூட் விளக்குத் திருவிழா முடியட்டும் என்றார்கள். மா மியா கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "உள்ளூர்லயே ஒருத்தி இருக்க, என்னை முடோன் வரைக்கும் பஸ்ஸுல குலுங்க வெச்சானே," என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். சான் யீயின் அம்மா மாப்பிள்ளையின் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, லஃபெட் பிடிக்குமா என்று மட்டும் கேட்டாள். மணப்பெண்ணின் மேல்சட்டையை மா கேதி தைத்து அனுப்பினாள். கல்யாணத்துக்கு வந்தவள் அதன் ஓரத்தை மடித்து உள்பக்கத் தையலைக் காட்டி, பாத்துக்கங்க என்றாள். அடுத்த வருஷம் அவளும் யே ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். வருஷா வருஷம் டுரியான் பழப் பாகு அனுப்பினாள்.

சான் யீ அந்த ஆஸ்பத்திரி வேலையை விடவில்லை. வருகிறவர்களுக்கு இரண்டு படத்தையும் காட்டும் வழக்கத்தை டாக்டரிடம் சொல்லி ஏற்படுத்தினாள். சிலர் முதல் படத்தில் அழுவார்கள், சிலர் இரண்டாவதில். கோ லா பேயின் தழும்பு கொஞ்சம் தணிந்ததே தவிரப் போகவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசுவதும் நின்றுபோயிற்று.

கல்யாணமான வாரம் அவனுடைய பெரியம்மாவைக் கும்பிட பிலூ தீவுக்குப் படகில் போனார்கள். நடு ஆற்றில் எஞ்சின் நின்றுவிட்டது. படகுக்காரன் திட்டிக்கொண்டே பின்னால் போனான். கோ லா பே புதுப் பட்டு லோங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவனை நகரச் சொல்லிவிட்டுக் குனிந்தான். சான் யீ எழுந்து அவன் முதுகின்மேல் குடையைப் பிடித்தாள். நீரோட்டம் படகைக் கேட்காமலே கொண்டுபோயிற்று. கரையில் தென்னைகள் மெல்ல நகர்ந்தன. படகில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தி, கண் அயர்ந்தார்கள். அவன் ஒரு திருகாணியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்து, பத்திரம் என்றான். அவள் விரலை மூடிக்கொண்டாள்.